நரிவால் ஆர்க்கிட்டின் அறிவியல் பெயரில் லின்னேயஸின் பெயர் ஏன் அடைப்புக்குறிக்குள் வருகிறது?

முதலில் விவரித்தவர் ஒருவர், இன்றைய பேரினத்திற்கு, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதிக்கு, மாற்றியவர் வேறொருவர் என்பதே அந்த அடைப்புக்குறியின் பொருள். மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டுகளைப் பெரும்பாலும் எபிடெண்ட்ரம் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்த தாவரவியலாளர் லின்னேயஸ், 1753-இல் இதற்கு எபிடெண்ட்ரம் ரெட்டூசம் என்று பெயரிட்டார். ஆர்க்கிட் வகைப்பாட்டில் இலையைவிடப் பூவின் நடுவில் ஆண், பெண் உறுப்புகள் ஒன்றிணைந்த தூணும், மகரந்தத் திரள்களுமே அதிகம் பேசும். இச்செடியின் தூண் பறவையின் அலகுபோல் நீண்டிருப்பதைச் சிறப்பித்து, தாவரவியலாளர் புளூம் 1825-இல் ரிங்கோஸ்டைலிஸ் என்ற பேரினத்தை நிறுவினார். இலைநுனி மழுங்கிப் பிளந்திருப்பதைச் சுட்டும் பழைய சிற்றினப் பெயரை, முதலில் இட்ட பெயரே நிலைக்கும் என்ற முன்னுரிமை விதிப்படி, கைவிட முடியாது. புதிய பேரினத்தின் பாலுக்கேற்ப ஈறு மட்டும் மாறி அது ரெட்டூசா ஆயிற்று. ஆகவே முழுப்பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா (லி.) புளூம்; 'லி.' என்பது லின்னேயஸின் சுருக்கம். பழைய பெயர்களை வெறும் பிழைகளாகத் தள்ளிவிடக் கூடாது. பழைய உலர்தாவரத் தாள்களையும் நூல்களையும் இன்றைய செடியோடு இணைப்பவை அவையே.