ஒரு கத்தோலிக்க புனிதரோட கனவும் விடாமுயற்சியும் உங்களுக்கு உந்துதலா இருந்திருக்கா? எப்படி?

இருந்திருக்கு. புனித ஜோசப் வாஸ். அந்தோணியார், சவேரியார்னா எல்லாருக்கும் தெரியும், இவரு பேரச் சொன்னா எங்க தூத்துக்குடியிலயே பாதிப் பேரு யாருன்னு கேப்பாங்க, அதுல எனக்கு நெஜமாவே வருத்தம் உண்டு, ஏன்னா அவரு இலங்கைக்குக் கடல் தாண்டுனதே எங்க ஊர்ல இருந்துதான். நீங்க கேட்டிருக்குற விதத்தப் பாத்தா ஏதோ ஒண்ண ஆரம்பிச்சுட்டு ஆளு சேராம பாதியில நிக்கிறீங்கன்னு தோணுது. அந்த நெலமையில நானும் இருந்தேன், அதனாலதான் எழுதுறேன். மதப் பிரச்சாரம்னு யாரும் கிளம்பிடாதீங்க, நான் தினமும் பூசைக்குப் போற ஆளும் கிடையாது.

அவரு கோவாக்காரர், 1651ல பொறந்தவர். யாழ்ப்பாணத்த 1658ல டச்சுக்காரங்க பிடிச்சதுக்கு அப்புறம் கத்தோலிக்க சாமியார்களுக்கு அங்க தடை. கிட்டத்தட்ட 30 வருஷம் அந்த சனங்களுக்கு ஒரு பூசை வைக்க ஆளில்ல. இத எங்கயோ கோவாவுல இருந்து கேள்விப்பட்டுட்டு, தான் பாத்தே இராத சனங்களுக்காக 1687ல கூலியாள் வேஷத்துல போய் இறங்குறாரு. போன உடனே வயித்துப்போக்கு வந்து சாகக் கிடந்தாரு. பிழைச்சு எந்திரிச்சதும் அவருக்கு வந்த பிரச்சனைய யோசிங்க, எவன் கத்தோலிக்கன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? வாய்விட்டுக் கேக்க முடியாது, கேட்டா பிடிச்சுக் குடுத்துருவாங்க. அதனால செபமாலைய கழுத்துல வெளிய தெரியுற மாதிரி போட்டுக்கிட்டு வீடு வீடா பிச்சை கேட்டுப் போனாரு. எந்த வீட்டுல பிச்சை போடுறவங்க கண்ணு அந்த மாலையில ஒரு நொடி நிக்குதோ, அந்த வீடு.

2015 ஜனவரியில போப் பிரான்சிஸ் கொழும்புல வச்சு இவருக்குப் புனிதர் பட்டம் குடுத்தப்போ எங்க கோயில் பிரசங்கத்துல இத ஃபாதர் சொன்னாரு. அப்ப சும்மா கேட்டுட்டு வந்துட்டேன். அடுத்த வருஷம் கடல்தொழில் செய்யுறவங்க புள்ளைங்களுக்கு சாயங்காலம் இலவச டியூஷன் ஆரம்பிச்சேன். அங்கதான் அடி. இடம் கேட்டு கோயில் கமிட்டிகிட்ட போனா ஃபேனு, கரண்டு பில்லு, சாவி யாரு வச்சிக்கிறதுன்னு மூணு மாசம் இழுத்தாங்க. சரின்னு எங்க வீட்டுத் திண்ணையில பாய் விரிச்சேன். கோயில்ல அறிவிப்பு சொல்லியும் ரெண்டே புள்ளைங்க, அதுல ஒண்ணு என் அண்ணன் மக. வருகைப் பதிவுக்குன்னு வாங்குன நீள நோட்டுல ரெண்டு பேருக்குக் கீழ பக்கம் முழுக்க வெள்ளையா கிடக்கும், அதப் பாக்கவே கூசும்.

விட்டுரலாம்னு இருந்தப்பதான் அந்த செபமாலை ஞாபகம் வந்துச்சு. பத்தாவது கணக்கு கைடு ஒண்ண, அட்டை வெளிய தெரியுற மாதிரி கையில வச்சுக்கிட்டு வலை பின்னுற இடத்துல போய் நின்னேன். யாரையும் கூப்பிடல, பேச்சுக் குடுத்துக்கிட்டே நின்னேன். மூணாவது நாள் அப்பாவுக்கு டீ கொண்டுவந்த ஒரு புள்ள கண்ணு அந்த அட்டையில நின்னுச்சு. "கணக்கு வராதுக்கா"ன்னா. மறுநாள் வந்தா, அடுத்த வாரம் கூட ரெண்டு பேரக் கூட்டியாந்தா. வருஷக் கடைசியில திண்ணை பத்தாம தெருவுல உக்காந்தாங்க.

இதுல ஒரு விஷயம் சொல்லாம இருக்க முடியல, கேள்விக்கு சம்பந்தமில்லன்னாலும் பரவாயில்ல. நூறு சதவீத தேர்ச்சி காட்டணும்னு ஒன்பதாவதுலயே சுமாரா படிக்கிற புள்ளைங்களுக்கு டிசி கிழிச்சுக் குடுக்குற பள்ளிக்கூடங்க இருக்கே, அவங்கள என்ன சொல்றது? என்கிட்ட படிச்ச ஒரு பையனுக்கு அப்படித்தான் பண்ணாங்க. அவங்க அம்மாவோட காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் வெளிய நின்னோம், உள்ள கூப்பிட்டு ரெண்டு நிமிஷத்துல "இவனுக்கு வேற இடம் பாருங்க"ன்னுட்டாங்க. போர்டுல சதவீதம் எழுதும்போது இவன் கணக்குல வரமாட்டான்ல. அடுத்த வாரமே அப்பாவோட படகுல ஏறிட்டான். கடல்தொழில நான் கேவலமா சொல்லல, என் தாத்தா பண்ண தொழில். ஆனா அது அவனா எடுத்த முடிவா இருக்கணும். நான்தான் "படி, பாஸாயிரலாம்"னு ஆசை காட்டிக் கெடுத்துட்டேனோன்னு பல நாள் தூக்கம் இல்ல.

அப்பவும் வாஸ் கதைதான் கைகுடுத்துச்சு. 1689 கிறிஸ்துமஸ் ராத்திரி யாழ்ப்பாணத்துல பூசைக்குக் கூடுன சனத்த டச்சுக்காரங்க வந்து பிடிச்சாங்க, அவரு மட்டும் தப்பிச்சாரு. தன்னால அத்தனை பேரு மாட்டிக்கிட்டாங்கன்னு தெரிஞ்ச மனுஷன் எப்படி மறுபடி எந்திரிச்சு நடந்தாருன்னு நான் திரும்பத் திரும்ப யோசிச்சிருக்கேன். நடந்தாரு. புத்தளம் போனாரு, 1692ல, டச்சுக்காரங்க கையில இல்லாம தனி ராஜ்யமா இருந்த கண்டிக்குப் போனா போர்த்துகீசிய ஒற்றன்னு சிறையில போட்டாங்க. சிறைக்குள்ளயே சிங்களம் படிச்சாரு. மழை வர வச்சாருன்னு ஒரு அதிசயம் சொல்லுவாங்க, நம்புறது உங்க இஷ்டம், எனக்கு அத விட 1697ல கண்டியில பெரியம்மை வந்தப்போ எல்லாரும் ஓட, எந்த மதம்னு பாக்காம நோயாளிங்கள குளிப்பாட்டி, செத்தவங்களப் புதைச்சாரு பாருங்க, அதுதான் பெருசு. அவரு அங்க நடமாட இடம் குடுத்தது பௌத்த ராஜாங்குறதையும் சொல்லிடணும், இல்லன்னா ஒருதலைப்பட்சம்னு வந்து நிப்பீங்க. 24 வருஷம் இலங்கையில இருந்தாரு, கோவாவுக்கு ஒரு தடவை கூட திரும்பல, 1711ல கண்டியிலயே செத்தாரு.

அந்தப் பையன் போன தடைக்காலத்துல, படகு கரையில கிடக்குற சமயம், திண்ணைக்கு வந்தான். தோள் அகலமாயி மீசை வச்சிருந்தான். சின்னப் புள்ளைங்க மத்தியில உக்கார வெக்கப்பட்டு நின்னுக்கிட்டே "தனித்தேர்வரா பத்தாவது எழுத முடியுமாக்கா"ன்னான். கணக்குல இருந்து ஆரம்பிச்சிருக்கோம்.