சிங்கப்பூர் பில்லும் நம்ம தூக்கமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பையன் சிங்கப்பூர்ல வேலை பாக்குறான். போன தடவை போனப்ப ஒரு பெரிய ஹோட்டலுக்கு கூட்டிட்டுப் போனான், நாலு பேர் சாப்பிட்ட பில்லை ரூபாய்ல போட்டுப் பாத்தா 15,000-க்கு மேல. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. திரும்ப கூப்பிடுறான். இந்தத் தடவை வெளில எதையும் தொட மாட்டேன்னு சொன்னா வருத்தப்படுறான். என்ன பண்றது?
- வாசகி, திருவாரூர்

பதில்: அம்மா, மேட்டூர்ல தண்ணி திறப்பாங்களா மாட்டாங்களான்னு பாத்துப் பாத்து செலவு பண்ணுன குடும்பத்துக்கு அந்த பில்லைப் பாத்தா தூக்கம் போகத்தான் செய்யும். ஆனா பட்டினி மட்டும் கிடக்காதீங்க. நம்ம பக்கத்துலேர்ந்து போற எத்தனையோ அம்மா அப்பா அங்க பசிச்சாலும் வேணாம் வேணாம்னே சொல்லி உக்காந்திருக்காங்க, அதை நினைச்சா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

முதல்ல அந்த பில்லு எப்படி ஏறுச்சுன்னு தெரிஞ்சுக்கங்க. பெரிய ஹோட்டல் மெனுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி போட்டிருக்கும். ஒண்ணு சர்வீஸ் சார்ஜ், பெரும்பாலும் 10 சதவீதம், இன்னொண்ணு ஜிஎஸ்டி, 2024 ஜனவரிலேர்ந்து 9 சதவீதம், அதுவும் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகைக்கு மேல போடுறது. அதனால மெனுல 200 சிங்கப்பூர் டாலருக்கு சாப்பிட்டா கையில குடுக்கறது கிட்டத்தட்ட 240 டாலர். சில சீன ஹோட்டல்ல உக்காந்ததும் ஈரத் துண்டும் வேர்க்கடலையும் கொண்டாந்து வைப்பாங்க, நாம இலவசம்னு நினைச்சு கொறிப்போம், அதுக்கும் பில்லுல காசு உண்டு, வேணாம்னு அப்பவே சொல்லிட்டா எடுத்துட்டுப் போயிடுவாங்க. தண்ணி பாட்டிலும் அப்படித்தான், அந்த ஊர்ல குழாய்த் தண்ணியே குடிக்கலாம், வீட்லேர்ந்து பிடிச்சுட்டுப் போயிடுங்க.

ஆனா அந்த ஊர் ஜனங்க தினம் அந்த விலைக்கா சாப்பிடுறாங்க? இல்லவே இல்ல. ரோட்டோரம் தள்ளுவண்டில வித்தவங்களை அரசாங்கமே கூப்பிட்டு கட்டடம் கட்டி உள்ள உக்கார வச்சுச்சு, அதுதான் ஹாக்கர் சென்டர், அந்த ஹாக்கர் கலாச்சாரத்தை 2020-ல யுனெஸ்கோவோட பாரம்பரியப் பட்டியல்லயே சேர்த்தாங்க. ஊரு முழுக்க நூத்துக்கு மேல இருக்கு. அங்க பெரும்பாலும் போர்டுல என்ன விலையோ அதேதான், ப்ளஸ் எதுவும் கிடையாது, காபி ஒன்றரை டாலர் அக்கம்பக்கம் வரும். டிகிரி காபி ருசியை மட்டும் எதிர்பாக்காதீங்க, கொட்டையை சர்க்கரையும் வெண்ணெயும் போட்டு வறுத்து துணிப்பைல வடிகட்டி டின் பால் ஊத்தித் தர்றது அது. சுகர் இருந்தா 'கோப்பி சி கொசோங்'னு கேளுங்க, சர்க்கரை இல்லாம இனிப்பில்லாத டின் பால் ஊத்தித் தருவாங்க. சாப்பிட்டு முடிச்சதும் தட்டை நாமளே கொண்டுபோய் வைக்கணும், 2021-லேர்ந்து அது கட்டாயம்.

நம்ம சாப்பாடு வேணும்னா லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல இறங்கி தேக்கா சென்டருக்குப் போங்க, காய்கறியும் அங்கயே வாங்கிக்கலாம். சிராங்கூன் ரோட்டுல கோமள விலாஸ் இருக்கு பாருங்க, 1947-ல நம்ம தஞ்சாவூர் பக்கத்துலேர்ந்து போனவர் ஆரம்பிச்சது. விலை நம்ம ஊர் மாதிரி இருக்காதுதான், சாப்பாட்டுல 90 சதவீதத்துக்கு மேல வெளிநாட்டுலேர்ந்து வர்ற ஊரு, கடை வாடகை வேற நெருப்பா இருக்கு.

பையன்கிட்ட சொல்லுங்க, பெரிய ஹோட்டல் ஒரு தடவை போதும், மத்த நாள்ல நீ ஆபீஸ் லஞ்சுக்கு எங்க சாப்பிடுறியோ அங்க கூட்டிட்டுப் போன்னு. அவன் தினம் என்ன சாப்பிடுறான்னு உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் பாரம் குறையும். அங்க இருக்கற வரைக்கும் ரூபாய்ல பெருக்கிப் பாக்காதீங்கம்மா, அவன் சம்பாதிக்கறது டாலர்ல.

கேள்வி: நாலு ஃப்ரெண்ட்ஸ் போறோம். ராஃபிள்ஸ் ஹோட்டல்ல சிங்கப்பூர் ஸ்லிங் குடிச்சே ஆகணும்னு ஒருத்தன் ஒத்தக்கால்ல நிக்கறான். ஒரு கிளாஸ் 2,000 ரூபாய்க்கு மேலயாமே?
- வாசகர், மன்னார்குடி

பதில்: ஆமா தம்பி, மேலதான். ஜின், செர்ரி பிராந்தி, அன்னாசி ஜூஸ், எலுமிச்சை எல்லாம் கலந்த சிவப்பு பானம், 1915-ல அங்க வேலை பாத்த ஙியாம் தொங் பூன் கண்டுபிடிச்சதா ஹோட்டல்காரங்க சொல்றாங்க. சிங்கப்பூர்ல எந்த சரக்கும் மலிவு கிடையாது, ஜின், பிராந்தி மாதிரி ஸ்பிரிட்ல இருக்கற ஆல்கஹால் லிட்டருக்கு 88 டாலர் வரி, அதுக்கு மேல ஹோட்டல் பேரு, பழைய கட்டடம், வேர்க்கடலைத் தோலை தரையிலயே போடுற வழக்கம், எல்லாத்துக்கும் சேர்த்துதான் அந்தக் காசு. ஆசைப்பட்டவன் குடிக்கட்டும், மத்த மூணு பேரும் கூட உக்காந்து பாருங்க, அவனுக்காக எல்லாரும் ஆர்டர் பண்ண வேண்டியதில்ல.

கேள்வி: சில்லி கிராப் சாப்பிடணும்னு ஆசை. மெனுல விலையே போடலையே, ஏன்?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நண்டை எடை போட்டு விக்கறாங்க, விலை அப்பப்ப மாறும், அதான் போடறதில்ல. அங்க பேர் வாங்குன பெரிய சேத்து நண்டு நிறைய இலங்கைலேர்ந்துதான் போகுது, உங்க கடலுக்கு அந்தப் பக்கம்! கிலோ என்ன விலை, இந்த நண்டு எத்தனை கிலோ, ரெண்டையும் சமைக்கறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கங்க. தொட்டுக்கற பன்னுக்கு தனிக் காசு, ரெண்டு ப்ளஸ்ஸும் அதுக்கு மேல.