துரத்தினாலும் திரும்பி வருபவன் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்குப் பாம்பன் பக்கம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15இலிருந்து படகு கரையில் கிடக்கிறது, நான் வீட்டில் கிடக்கிறேன். மூன்றாவது படிக்கும் மகன் கைபேசியில் 1984இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் பார்க்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் பழகிவிட்டது.

ஒரு சந்தேகம். கெட்ட ரோபோக்களின் கூட்டமான டிசெப்டிகான்களுக்கு மெகாட்ரான் தலைவன். அவனுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் ஸ்டார்ஸ்க்ரீமோ தலைமை தனக்குத்தான் வர வேண்டும் என்று மெகாட்ரான் முகத்துக்கு நேராகவே பேசுகிறான், சமயம் பார்த்துக் கவிழ்க்கிறான், மாட்டிக்கொண்டால் காலில் விழுகிறான். அடுத்த கதையில் அதே இடத்தில் நிற்கிறான். எங்கள் பக்கம் ஒரு படகு டிரைவர், படகு முதலாளியான சம்மாட்டியிடம் ஒரே ஒரு தடவை இப்படிப் பேசினாலும் மறுநாள் வேறு படகு தேட வேண்டியதுதான். இவனை ஏன் வைத்திருக்கிறார்கள்?

என் அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டு, "இவன் விபீஷணன்லடா" என்றார்கள். எனக்கும் சரி என்றே பட்டது. அப்படிப் பார்த்தால் பேசாமல் சொன்னதைச் செய்யும் சவுண்ட்வேவ்தான் கும்பகர்ணன். எந்தக் கதையை எடுத்தாலும் வில்லன் கூட்டத்தில் ஒரு துரோகி, ஒரு விசுவாசி, ஒரு கிறுக்கு விஞ்ஞானி, நாலு மண்டூகங்கள். எழுதுபவர்களின் சோம்பேறித்தனம்தானே இது?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

நாலு மண்டூகங்கள் விஷயத்தில் சோம்பேறித்தனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஸ்டார்ஸ்க்ரீம் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவனை எடுத்துவிட்டால் அந்தத் தொடர் ஒரு மாதம் தாங்காது.

எழுதுகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். மெகாட்ரானைக் கண்டால் பிள்ளைகள் பயப்பட வேண்டும். ஆனால் இருபது நிமிடம் கழித்து அவன் தோற்றும் ஆக வேண்டும். அடுத்த கதையில் பழைய மிரட்டலோடு திரும்பியும் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் நல்ல ரோபோக்களின் தலைவரான ஆப்டிமஸ் பிரைம் தன் கைப்பலத்தால் அடித்து விரட்டினால், பத்தாவது தோல்வியில் மெகாட்ரானை உங்கள் பையன்கூட மதிக்க மாட்டான். அதனால் தோல்வி அவன் வீட்டுக்குள்ளிருந்தே வர வேண்டியிருக்கிறது. "நான் தோற்கவில்லை, இந்தப் பயல் கெடுத்துவிட்டான்" என்று சொல்லிக்கொண்டு பின்வாங்கும் தலைவனுக்கு மரியாதை கொஞ்சம் மிஞ்சும். அந்த மரியாதையைக் காப்பாற்றத்தான் ஸ்டார்ஸ்க்ரீம் சம்பளம் வாங்குகிறான்.

முதல் கதையை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். இரண்டு கூட்டமும் வந்த கப்பல் பூமியில் மோதி, எல்லோரும் 40 லட்சம் ஆண்டுகள் மலைக்குள் செயலற்றுக் கிடக்கிறார்கள். 1984இல் எரிமலை குலுங்க, டிசெப்டிகான்கள் முதலில் எழுந்துவிடுகிறார்கள். பேசாமல் கிளம்பிப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். போகிற போக்கில் ஸ்டார்ஸ்க்ரீம் மலையைப் பார்த்துத் தேவையில்லாமல் சுடுகிறான். சக்தியை வீணாக்காதே என்று மெகாட்ரான் தடுக்கிறான். அந்த அதிர்வில் ஆப்டிமஸ் பிரைமின் உடல் சரிந்து, கப்பலின் பழுதுபார்க்கும் கதிருக்கு நேராக விழுகிறது. எழுந்துவிடுகிறார். தொடர் முழுவதற்குமான விதை முதல் நாளே போட்டாயிற்று. எதிரியை எழுப்பியவனே இவன்தான்.

அவனைத் துரத்தவே இல்லை என்பது போல எழுதியிருந்தீர்கள். மெகாட்ரான் ஒரு தடவை துரத்தினான். இரண்டாவது பருவத்தில் ஒரு கதை இருக்கிறது, நீங்கள் இன்னும் அதுவரை வரவில்லை போலிருக்கிறது. குவாடல்கனால் தீவில் தனியாக விடப்பட்ட ஸ்டார்ஸ்க்ரீம், இரண்டாம் உலகப் போரில் அங்கே விட்டுப்போன துருப்பிடித்த ராணுவ வண்டிகளைப் பார்க்கிறான். இந்த ரோபோக்களின் சொந்தக் கிரகமான சைபர்ட்ரானின் சிறையிலிருக்கும் குற்றவாளிகளின் மூளைப் பாகங்களைத் திருடி வந்து அவற்றில் பொருத்துகிறான். காம்பாட்டிகான் என்ற ஐவர் படை பிறக்கிறது. ஐவரும் ஒன்றாகச் சேர்ந்தால் புரூட்டிகஸ் என்ற ராட்சசன். அதை வைத்து மெகாட்ரானையே அடிக்கிறான். தோற்றபிறகு விண்கல் ஒன்றுக்கு நாடுகடத்துகிறார்கள். அடுத்த கதை முடிவதற்குள் பழையபடி கூட்டத்துக்குள் வந்துவிடுகிறான்.

காம்பாட்டிகான் பொம்மைகள் அப்போது கடைக்கு வந்த புதுச் சரக்கு. ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்க நிறுவனம் ஜப்பானின் டகாரா செய்த பொம்மைகளை வாங்கி, புதுப் பெயர் கொடுத்து, அவற்றை விற்பதற்காக நடத்திய தொடர் இது. மெகாட்ரான் கைத்துப்பாக்கிப் பொம்மை, சவுண்ட்வேவ் கேசட் பிளேயர், ஸ்டார்ஸ்க்ரீம் எஃப்-15 விமானம். அதே கூட்டத்தின் விமானங்களான ஸ்கைவார்ப்பும் தண்டர்கிராக்கரும் ஸ்டார்ஸ்க்ரீமின் அதே அச்சில் வார்த்து வேறு வண்ணம் அடித்தவர்கள். அலமாரியில் இருக்கும் பொம்மையைக் கதையில் ஒரேயடியாகத் துரத்த முடியுமா? சம்மாட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, அவர் டிரைவரை மாற்றிக்கொள்ளலாம். மெகாட்ரானுக்கு மேலே ஒரு முதலாளி இருந்தார்.

அந்த முதலாளிக்குப் பழைய சரக்கை ஒழித்துப் புதியதை இறக்க வேண்டிய நாள் 1986இல் வந்தது. அந்த ஆண்டு வெளியான திரைப்படத்தில் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அடிபட்ட மெகாட்ரானை ஸ்டார்ஸ்க்ரீம் விண்வெளியில் தூக்கி எறிகிறான். கிரகங்களையே விழுங்கும் யூனிக்ரான் அவனைக் கால்வட்ரானாக மாற்றி அனுப்புகிறது. ஸ்டார்ஸ்க்ரீம் கிரீடம் வைத்துக்கொண்டு பட்டாபிஷேகம் நடத்திக்கொண்டிருக்கும்போது கால்வட்ரான் வந்து ஒரே சூட்டில் சாம்பலாக்குகிறான். உங்கள் சம்மாட்டி ஒரே நாளில் செய்வதைச் செய்ய அவனுக்கு 65 அத்தியாயங்களும் ஒரு படமும் ஆயிற்று. அதோடும் விட்டதா? அடுத்த பருவத்தில் ஸ்டார்ஸ்க்ரீம் ஆவியாக வந்து அடுத்தவன் உடம்பில் புகுந்தான்.

இதே ஆட்கள் வேறோர் இடத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டிவி தொடரோடு கூடவே மார்வெல் நிறுவனம் மாதாமாதம் காமிக்ஸ் போட்டது. டிவியில் ஷாக்வேவ் பரம விசுவாசி. தலைவன் விட்டுப்போன சைபர்ட்ரானை 40 லட்சம் ஆண்டுகள் அப்படியே காத்து வைத்திருக்கிறான். காமிக்ஸில் அதே ஷாக்வேவ், தான் தலைமை ஏற்பதே தர்க்கப்படி சரி என்று மெகாட்ரானை அடித்துப் போட்டுவிட்டுத் தலைவனாகிறான். காமிக்ஸ் தொடர்கதை, போன மாதம் நடந்தது இந்த மாதமும் நிற்கும். அங்கே ஒரு கவிழ்ப்பு நடந்தால் நடந்ததுதான். டிவியில் ஒவ்வொரு கதையும் பழைய இடத்துக்கே திரும்பியாக வேண்டும் என்பதால், கவிழ்க்க முயன்றுகொண்டே இருக்கிற ஒருவன் தேவைப்பட்டான், கவிழ்த்துவிடுகிறவன் தேவைப்படவில்லை. எழுதும் முறை மாறினால் துரோகத்தின் குணமும் மாறிவிடுகிறது.

இனி அம்மா சொன்ன விபீஷணன். அம்மாவிடம் கொஞ்சம் பணிவாகவே மறுக்கிறேன். விபீஷணன் அண்ணனிடம் நேரில் புத்தி சொன்னான், கேட்கவில்லை என்றதும் கடலைத் தாண்டி வந்துவிட்டான். வந்த இடம் தனுஷ்கோடிப் பாதையிலிருக்கும் கோதண்டராமர் கோயில் என்பது உங்கள் பக்கத்து வழக்கு. 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனபோதும் நின்ற கோயில். சரணாகதி எங்கள் ஊரில்தான் நடந்தது என்று திருப்புல்லாணிக்காரர்கள் சொல்வார்கள். அந்த வழக்குக்குள் நான் தலையை விடவில்லை. எங்கே வந்தாலும் வந்தவன் திரும்பிப் போகவில்லை என்பதுதான் நமக்கு வேண்டியது. ஸ்டார்ஸ்க்ரீமுக்கு மெகாட்ரான் செய்வதில் எந்த ஆட்சேபமும் இல்லை. அதையே தான் செய்தால் இன்னும் நன்றாகச் செய்வேன் என்பதுதான் அவன் கட்சி. அவனுக்கு வேண்டியது நாற்காலி. நாற்காலி வேண்டுபவன் வீட்டை விட்டு வெளியே போக மாட்டான்.

விபீஷணனைத் தேடினால் அதே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் 1996இல் வந்த பீஸ்ட் வார்ஸில் கிடைப்பான். கனடாவில் முழுக்கக் கணினியில் செய்த தொடர். அதில் வரும் மெகாட்ரான் வேறு ஆள், பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவன். அவன் கூட்டத்திலிருக்கும் டைனோபாட் முதல் கதையிலேயே தலைவனை எதிர்த்து, வெளியேறி, எதிர் முகாமுக்கு வந்து சேர்கிறான். சுக்ரீவன் விபீஷணனை நம்பாதது போலவே அங்கே ராட்ட்ராப் என்ற எலி ரோபோ இவனை நம்புவதில்லை, கடைசிவரை முறைத்துக்கொண்டும் கிண்டலடித்துக்கொண்டும் இருக்கிறது. எழுதியவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். டைனோபாட் இடையில் ஒரு முறை பழைய கூட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டு, மனம் கேட்காமல் மறுபடி வருகிறான். அந்தக் கறையைச் சுமந்துகொண்டே, ஆதி மனிதர்கள் வாழும் பள்ளத்தாக்கைக் காப்பாற்றத் தனி ஆளாக நின்று சாகிறான். பிள்ளைகளுக்கான கார்ட்டூனில் அதற்கு மேல் ஒரு சாவை நான் பார்த்ததில்லை. தொடர்ச்சியாகக் கதை சொல்லத் துணிந்ததால்தான் அவனைச் சாக விட முடிந்தது. 1984இன் முறையில் அவன் அடுத்த வாரம் சிரித்துக்கொண்டு வந்து நின்றிருப்பான்.

உங்கள் மண்டூகங்களில் ஒருவனுக்கும் அந்தத் தொடரில் நல்ல காலம் வருகிறது. வாஸ்பினேட்டர் என்ற குளவி ரோபோ ஏறக்குறைய எல்லாக் கதையிலும் சிதறிப் போவான். கடைசியில் அவனை ஆதி மனிதர்கள் தலைவனாக்கிக் கொண்டாடுகிறார்கள். கூட்டத்தில் ஆள மிக ஆசைப்பட்டவனுக்குக் கிடைக்காதது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கும்பகர்ணன் இடம் சிக்கலானது. கம்பன் கும்பகர்ணனை எழுதியபோது, அண்ணன் செய்வது தவறு என்று தெரிந்தே சண்டைக்குப் போகிறவனாக எழுதினான். தம்பி போர்க்களத்துக்கே வந்து கூப்பிட்டும், வளர்த்தவனை விட்டு வர மாட்டேன் என்கிறான். சவுண்ட்வேவுக்குத் தவறு, சரி என்ற விசாரமே கிடையாது. 84ஆம் ஆண்டுக் கூட்டத்தில் அந்த இடத்துக்குப் பொருந்துகிறவன் தண்டர்கிராக்கர். பொம்மைப் பெட்டிகளின் பின்னால் வந்த குணக்குறிப்புகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் மார்வெலின் பாப் புடியான்ஸ்கி. தண்டர்கிராக்கருக்கு டிசெப்டிகான்களின் நோக்கத்தில் முழு நம்பிக்கை இல்லை, மற்றவர்கள் பேசிப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. என்ன ஓர் ஆள் பாருங்கள்! டிவியில் அவனுக்குக் கிடைத்ததோ பறப்பதும் சுடுவதும்தான். பெட்டியின் பின்பக்கத்திலேயே ஒரு கும்பகர்ணன் வீணாய்ப் போனான். நீங்கள் சொன்ன சோம்பேறித்தனத்துக்கு நான் உதாரணம் காட்டுவதென்றால் இதைத்தான் காட்டுவேன்.

பின்னால் ஒருவன் வந்தான். 2010இல் தொடங்கிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பிரைம் தொடரில் ட்ரெட்விங். இறந்துபோன அவன் இரட்டைச் சகோதரனின் உடலை ஸ்டார்ஸ்க்ரீம் பிணமாகவே எழுப்பி ஏவிவிட்டது அவனுக்குத் தெரியவருகிறது. முக்கியமான ஓர் ஆயுதத்தை ஆப்டிமஸிடம் கொடுத்துவிடுகிறான், ஆனால் அவர்களோடு சேரவில்லை. நேராகத் தன் முகாமுக்குத் திரும்பி ஸ்டார்ஸ்க்ரீமைக் கொல்லப் போகிறான். நிறுத்து என்கிறான் மெகாட்ரான், இவன் நிறுத்தவில்லை. மெகாட்ரான் சுட்டது ட்ரெட்விங்கை. மானமுள்ளவனைக் கொன்று துரோகியைக் காப்பாற்றுகிறான்.

ஏன் வைத்திருக்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்குக் கதைக்குள்ளேயே கிடைத்த பதில் என்று நான் இதைத்தான் வைத்திருக்கிறேன். ஸ்டார்ஸ்க்ரீம் என்ன செய்வான் என்று மெகாட்ரானுக்கு மனப்பாடம். அடித்தால் அடங்குவான், ஆசைகாட்டினால் வருவான். ட்ரெட்விங் மாதிரி ஆள் ஒரு முறை இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு அவனை ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் காட்சியை எழுதியவர்கள் 84ஆம் ஆண்டின் கட்டாயத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் என்று நினைக்கிறேன். அன்று பொம்மைக் கடைக்காக ஏற்பட்ட வழக்கத்துக்குப் பின்னால் ஒரு மனக்காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சவுண்ட்வேவ் உண்மையான விசுவாசி என்று உங்கள் பையனும் நம்புகிறான் என்றால், 86ஆம் ஆண்டுப் படம் அவனைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும். விட்டுப் போகாதே என்று மெகாட்ரான் கெஞ்ச, சவுண்ட்வேவ்தான் தூக்கிக்கொண்டு போகிறான், அதுவரை சரி. ஸ்டார்ஸ்க்ரீம் அவனை வெளியே எறியும்போது சவுண்ட்வேவ் தடுக்கவில்லை. அடுத்த நிமிடம் யார் தலைவன் என்ற அடிதடியில் அவனும் கட்சி கட்டுகிறான். படத்தைப் பையனுக்குப் போட்டுக்காட்டும் முன் நீங்கள் மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஆப்டிமஸ் பிரைம் அதில் செத்துப் போகிறார். அப்போது பிள்ளைகள் அழுது தீர்த்ததில் 1987இல் அவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. திரும்பி வரும் அந்த இரண்டு அத்தியாயங்களையும் கையோடு எடுத்து வைத்துக்கொண்டு படத்தைத் தொடங்குங்கள்.

அன்புடன்.