சீட்டில் வந்த வசனம்

அண்ணே, மரியே வாழ்க.

உங்கள் தளத்தில் வரும் கடிதங்களை விடாமல் படிக்கிறவன் நான், எழுதுவது இதுதான் முதல் தடவை. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமப் பங்கு எங்களுடையது. பங்குப்பேரவையில் இருக்கிறேன். கிறிஸ்துமஸ், புதுவருடம் எல்லாம் முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன், ஆனால் மனசு சரியில்லை.

டிசம்பர் முழுக்க இளைஞர்கள் குடில் கட்டினார்கள். ராத்திரி ரொம்ப நேரம் வரை பாட்டு, டீ, சத்தம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர்களில் பாதிப்பேரைப் பார்க்க முடியாது. 24ஆம் தேதி பூசையைப் பங்குத்தந்தை இரவு 10 மணிக்கு மாற்றினார், பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். 31ஆம் தேதி ராத்திரி கோவிலில் நிற்க இடமில்லை. வருடத்துக்கு ஒருநாள் வருகிறவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். பூசை முடிந்ததும் தட்டிலிருந்து ஆளுக்கொரு இறைவசனச் சீட்டு எடுக்கத் தள்ளுமுள்ளு. 1ஆம் தேதி காலைப் பூசைக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 31 ராத்திரி வழிபாடே நம்முடையது இல்லை, பிரிவினை சபைக்காரர்களை (புராட்டஸ்டண்டுகளை) பார்த்துச் செய்வது என்று எங்கள் ஓய்வுபெற்ற உபதேசியார் சொல்கிறார். சீட்டு எடுப்பதும் கிளி ஜோசியம் மாதிரிதானே? அடுத்த வருடம் இரண்டையும் நிறுத்தச் சொல்லிப் பேரவையில் பேசலாமா? இல்லாவிட்டால் பேரவையிலிருந்தே விலகிவிடலாம் என்றும் தோன்றுகிறது. குடிலை எப்போது பிரிப்பது என்பதில்கூடச் சண்டை அண்ணே.

(பெயர் போட வேண்டாம். எங்கள் சாமியாரும் உங்கள் தளத்தைப் பார்ப்பவர்.)

*

அன்புள்ள தம்பி,

பெயரை எடுத்துவிட்டேன். ஓய்வுபெற்ற உபதேசியாரும் 10 மணிப் பூசையும் குடில் சண்டையும் உள்ள பங்கு என்றால் தமிழ்நாட்டில் பாதிப் பங்கு அதுதான், உங்கள் சாமியாருக்குச் சந்தேகம் வராது.

10 மணி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பூசைப் புத்தகத்தில் இரவுத் திருப்பலி என்றுதான் இருக்கிறது, சரியாக 12 அடிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ரோமையிலேயே பதினாறாம் பெனடிக்ட் காலத்தில், 2009இல், இரவு 10 மணிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கொரோனா வருடத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் 7.30க்கே தொடங்கினார். பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள், ஆனாலும் சொல்லுங்கள்.

இனி 31 ராத்திரி. உபதேசியார் சொல்வதில் உண்மை இருக்கிறது. வருடக் கடைசி இரவைக் கண்விழித்து ஜெபத்தில் கழிப்பது 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சகோதரர்கள் என்ற புராட்டஸ்டண்டு சபையாரிடம் இருந்த வழக்கம். ஜான் வெஸ்லியும் மெதடிஸ்டுகளும் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பரப்பினார்கள். சீட்டுக்கும் அதே ஊரில் ஒரு மூத்த உறவு உண்டு. 1728இல் அங்கே ட்சின்ட்சென்டார்ஃப் என்ற பிரபு நாளுக்கு ஒரு வசனம் என்று சபையாருக்குக் கொடுக்க ஆரம்பித்தார். 1731 முதல் அது வருடாவருடம் புத்தகமாக வருகிறது, இன்றைக்கும் அதில் வரும் பழைய ஏற்பாட்டு வசனங்களைக் குலுக்கல் போட்டுத்தான் எடுக்கிறார்கள். (இந்தச் சகோதரர்கள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து பல வருடம் தங்கியவர்கள்.) சரி, அதனால் என்ன? அவர்களிடமிருந்து வந்ததெல்லாம் வேண்டாம் என்றால் உங்கள் கோவில் வாசலில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரத்தை முதலில் ஜெர்மன் லூத்தரன் வீடுகளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

அதோடு, அந்த ராத்திரியில் நமக்கென்று ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை. வருடத்தின் கடைசி நாளில் தெதேயும் என்ற நன்றிப் பாட்டைக் கோவிலில் கூடிப் பாடினால் பரிபூரணப் பலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுக்க நீங்குவது) உண்டு என்பது திருச்சபையின் சட்டத்திலேயே இருக்கிறது. திருத்தந்தையும் 31 மாலை புனித பேதுரு பேராலயத்தில் அதைப் பாடித்தான் வருடத்தை முடிக்கிறார். இன்னொன்று, 31 மாலையிலேயே ஜனவரி 1இன் பெருவிழா தொடங்கிவிடுகிறது. ராத்திரி வந்தவர்கள் பார்த்தது ஜனவரி 1 பூசையைத்தான், காலையில் அவர்களைக் காணோம் என்று நீங்கள் தலையை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

இவ்வளவு கூட்டம் அன்றைக்கு ஏன் வருகிறது? எங்கள் கடற்கரைப் பங்குகளில் 31 ராத்திரி பூசைக்கு முன்னால் சாமியார் அந்த வருடக் கணக்கை வாசிப்பார். ஞானஸ்நானம் இத்தனை, புதுநன்மை இத்தனை, திருமணம் இத்தனை என்று வேகமாகப் போகும், பின்வரிசையில் பேச்சுச் சத்தம்கூட இருக்கும். அப்புறம் அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்கள், ஒவ்வொன்றாக, தகப்பன் பெயரோடு. அப்போது கோவில் அடங்கிவிடும். ஒவ்வொரு பெயருக்கும் பெண்கள் பக்கத்தில் எங்காவது ஒரு சேலைத் தலைப்பு முகத்துக்குப் போகும். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒருவர், தன் அம்மா பெயரைச் சாமியார் மாற்றி வாசித்ததும் திருத்துவதற்காகப் பாதி எழுந்து, கூச்சப்பட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்த பெரியவர்தான் சத்தமாகப் பெயரைத் திருத்திச் சொன்னார், சாமியாரும் திரும்ப வாசித்தார். லீவில் வந்தவர் வருடத்துக்கு ஒருநாள் கோவிலுக்கு வருகிற ஆள்தான். அவரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் பங்கில் பெயர் வாசிக்கும் வழக்கம் இல்லையென்றால் பேரவையில் அதைக் கேளுங்கள், ராத்திரி வழிபாட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்பதைவிட அது உருப்படியான காரியம்.

சீட்டு விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயம்தான், ஆனால் தப்பான இடத்தில் எரிச்சல்படுகிறீர்கள். சீட்டு எடுப்பதில் குற்றமில்லை, எடுத்த சீட்டைத் திரும்பத் தட்டில் போடுவதில்தான் இருக்கிறது. கவனித்திருப்பீர்கள். ஒரு அம்மா சுருளைப் பிரிக்கிறார், கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசிக்கிறார், முகம் வாடுகிறது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பச் சுருட்டித் தட்டில் போட்டு வேறொன்றை எடுக்கிறார். இரண்டாவதில் "அஞ்சாதே, நான் உன்னுடன் இருக்கிறேன்" வந்தால் பர்ஸுக்குள் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். இத்தனைக்கும் சீட்டு அடிக்கிறவர்கள் கடுமையான வசனத்தை முதலிலேயே கழித்துவிடுகிறார்கள். தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லும் வசனத்தை எந்தத் தட்டிலும் நான் பார்த்ததில்லை.

இத்தாலியின் அசிசியில் புனித பிரான்சிஸ் இதையேதான் செய்தார். அவரோடு சேர வந்த பெர்னார்டை அழைத்துக்கொண்டு புனித நிக்கோலாஸ் கோவிலுக்குப் போய் நற்செய்திப் புத்தகத்தை மூன்று முறை திறந்து பார்த்தார். ஒன்றில் உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடு என்று வந்தது, இன்னொன்றில் பயணத்துக்கு எதையும் எடுத்துக்கொள்ளாதே என்று வந்தது, மற்றதில் தன்னலம் துறந்து சிலுவையைச் சுமந்துகொண்டு பின்னால் வா என்று வந்தது. மூன்றில் ஒன்றுகூட நம் ஊர்த் தட்டில் விலைபோகாது! பெர்னார்ட் பணக்காரர், போய் உள்ளதை விற்றுச் சதுக்கத்தில் நின்று கொடுத்துத் தீர்த்தார். அடுத்த வருடம் சீட்டை நிறுத்தாதீர்கள் தம்பி, இந்த மூன்று வசனங்களையும் அதில் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். எடுத்ததை மாற்றக்கூடாது என்று சாமியாரை மைக்கில் சொல்லவும் வையுங்கள். தள்ளுமுள்ளு தானாகக் குறையும்.

அதைவிட, ஜனவரி 1 பூசையின் முதல் வாசகமே ஒரு ஆசிதான். எண்ணிக்கை நூலில் ஆரோனும் அவன் மக்களும் இஸ்ரயேல் மக்களுக்கு எப்படி ஆசி கொடுக்க வேண்டும் என்று மோசேக்குச் சொல்லப்பட்டது: "ஆண்டவர் உனக்கு ஆசி வழங்கி உன்னைக் காப்பாராக!" சீட்டு ஆளுக்கு ஒன்று, இது கோவிலில் நிற்கிற அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்று. பட்டாசுச் சத்தத்தில் யாருக்கும் காதில் விழாமல் போவதே அதுதான். 12 மணிக்கு வெடியைக் கொளுத்த ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னால் இளைஞர்கள் கேட்பார்கள், நீங்கள் முகத்தைக் கோணாமல் சொன்னால்.

ஏனென்றால் அவர்கள்மேல் நீங்கள் கோபமாக இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. குடில் என்பது 1223இல் கிரேச்சோ என்ற மலையூரில் இதே பிரான்சிஸ் செய்தது. அதற்கும் முன்தயாரிப்பு இருந்தது, ஜொவான்னி என்ற ஊர்க்காரரிடம் பதினைந்து நாளுக்கு முன்பே சொல்லிவைத்து வைக்கோலும் மாடும் கழுதையும் ஏற்பாடு செய்யச் சொன்னார். சுரூபம் எதுவும் கிடையாது. தீவனத் தொட்டிக்குமேல் பூசை நடந்தது, ஊர்ஜனம் தீப்பந்தத்தோடு வந்து நின்றது. அங்கேயும் ராத்திரி சத்தமாகத்தான் இருந்திருக்கும். உங்கள் பையன்களில் யாரோ ஒருவன் பத்து நாள் முன்னால் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்து, வயல் பச்சையாக வர வேண்டும் என்று தினமும் தண்ணீர் தெளித்திருப்பான். இன்னொருவன் சூசையப்பர் சுரூபத்தின் உடைந்த கைக்கு எம்சீல் வைத்து, காய்ந்ததும் தேய்த்து, வண்ணம் ஒத்துப்போகும் வரை மூன்று டப்பாவைக் கலந்திருப்பான். அவன் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்பது குறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 24 ராத்திரி "உன்னதங்களிலே" பாடி மணியெல்லாம் அடிக்கும்போது பாலன் சுரூபத்தைக் குடிலுக்குக் கொண்டுபோகும் ஊர்வலத்தில் பேரவைக்காரர்கள் வெள்ளைச் சட்டையில் முன்னால் போகிறீர்கள், குடில் கட்டியவன் வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்கிறான். அவனை உள்ளே கூப்பிட்டீர்களா?

என்னுடைய மனத்தாங்கல் வேறு. நாம் டிசம்பர் முழுக்கக் கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டு 25 மதியம் பிரியாணியோடு முடித்துவிடுகிறோம். திருச்சபை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. இப்போதைய நாள்காட்டியில் எட்டு நாள் கொண்டாட்டம் உள்ள திருநாள் இரண்டே இரண்டு, பாஸ்காவும் (ஈஸ்டர்) கிறிஸ்துமஸும். அந்த எட்டு நாளுக்குள் என்னென்ன வருகிறது பாருங்கள். 26இல் கல்லெறிபட்டுச் செத்த முடியப்பர் (ஸ்தேவான்). 28இல் ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள். தொட்டிலுக்குப் பக்கத்திலேயே இரத்தத்தை வைத்தவர்கள் ஏதோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கரைக்கு இது 2004இல் சுனாமி வந்தபோது புரிந்தது. அந்த டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். ஞாயிறு கடலுக்குப் போகாத கரை என்பதால் ஆண்களும் வீட்டில் இருந்தார்கள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர் ஊராக உயிர்கள் போயின. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்த திருப்பயணிகள் போனார்கள். அதிலிருந்து இந்த ஊர்களில் 26 காலை கல்லறைத் தோட்டத்தில் பூசை, மெழுகுதிரி. முந்தின நாள் ஏற்றிய நட்சத்திரம் வீட்டு வாசலில் எரிந்துகொண்டேதான் இருக்கும், யாரும் அணைப்பதில்லை, அதன் கீழே நடந்துதான் கல்லறைக்குப் போகிறார்கள். இங்கே யாருக்கும் கிறிஸ்துமஸ் 25ஓடு முடிவதில்லை.

அதனால் உங்கள் பேரவையில் பேச ஒரு விஷயம் சொல்கிறேன். கேரல் ரவுண்ட் போகும்போது அந்த வருடம் சாவு விழுந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவோம், துக்க வீட்டில் கொட்டு அடிக்கக்கூடாது என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும். நட்சத்திரம் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை, லோடு ஆட்டோவில் தாத்தா வேடக்காரர் ஆடிக்கொண்டு போவதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும். 26இலிருந்து திருக்காட்சித் திருநாள் (மூன்று ராசாக்கள் திருநாள்) வரை நாள் கிடக்கிறது. அந்த வீடுகளுக்குக் கீபோர்டும் வேண்டாம் உண்டியலும் வேண்டாம், நாலு பையன்கள் போய் ஒரு பாட்டு பாடி, மற்ற வீடுகளில் சேர்ந்த அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் கொடுத்துவிட்டு வரட்டும். படுக்கையில் கிடக்கிற பெரியவர்களுக்குச் சாமியார் நன்மை கொண்டுபோகும்போதும் இவர்களில் இரண்டு பேர் கூடப் போகலாம். குடில் கட்டின கூட்டத்துக்கு இந்த வேலை கொடுத்தால் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

அப்புறம் குடில். ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாள் வரை இருக்கட்டும், கிறிஸ்துமஸ் காலம் அன்றைக்குத்தான் முடிகிறது, ரோமையில் பேதுரு சதுக்கத்துக் குடிலும் அதுவரை நிற்கும். நம் நாட்டில் அது திருக்காட்சிக்கு அடுத்த ஞாயிறு, திருக்காட்சி 7 அல்லது 8ஆம் தேதி வந்துவிட்டால் மறுநாள் திங்களே. பிப்ரவரி 2 வரை வைக்க வேண்டும் என்று உபதேசியார் சொன்னால் அது பழைய வழக்கம், அவரோடு சண்டை போடாதீர்கள். வைக்கோலை மட்டும் கொளுத்தாமல் மாடு வைத்திருக்கிற யாருக்காவது கொடுங்கள், கிரேச்சோவிலும் அந்த வைக்கோல் கடைசியில் மாடுகளுக்குத்தான் போனது.

பேரவையிலிருந்து விலக வேண்டாம். நீங்கள் விலகினால் அந்த இடத்துக்கு வருகிறவர் சீட்டையும் குடிலையும் பற்றிக் கவலையே படாதவராக இருப்பார்.