முதியவர்கள் தாமாக ஒதுங்குகிறார்களா, ஒதுக்கப்படுகிறார்களா?

"வயதானால் மனிதர்கள் தாமாகவே ஒதுங்கிவிடுவார்கள், அது இயற்கை என்று ஒரு கோட்பாடு இருக்கிறதே, சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தவறு என்பதுதான் என் பதில்.

நீங்கள் குறிப்பிடுவது 1961-ல் எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விலகல் கோட்பாடு. வயது ஏற ஏற மனிதர் சமூகத்தை விட்டு விலகுகிறார், சமூகமும் அவரை விடுவிக்கிறது, இது இரு தரப்புக்கும் நல்லது என்பது அதன் சாரம். ராபர்ட் ஹாவிகர்ஸ்ட் போன்றவர்கள் இதை மறுத்து, கைவிட்டுப்போன வேலைக்கும் உறவுக்கும் பதிலாகப் புதிதாக எதையாவது பிடித்துக்கொள்பவர்களே நிறைவாக இருக்கிறார்கள் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கையில் பணமும் காலில் தெம்பும் இல்லாதவர் எதைப் பிடிப்பது? ராபர்ட் ஆட்ச்லி சொன்ன தொடர்ச்சிக் கோட்பாடு எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது: மனிதர்கள் நாற்பதில் எப்படி இருந்தார்களோ அந்தப் பழக்கங்களையும் விருப்பங்களையும் எழுபதிலும் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள்.

விலகல் கோட்பாடு ஒருவர் விலகியதைப் பார்க்கிறதே தவிர, எது அவரை விலக்கியது என்று போதுமான அளவு கேட்பதில்லை. என் அப்பாவுக்குக் காது மந்தமான சமயத்தில், வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து பேசினால் அவருக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. "என்ன சொன்னே?" என்று ஓரிரு முறை கேட்பார், "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்று பதில் வரும், அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டு மெதுவாக எழுந்து உள்ளே போய்விடுவார். பார்க்கிறவர்கள் "அவருக்குத் தனியா இருந்தாத்தான் பிடிக்கும்" என்பார்கள். காதுக்குக் கருவி வந்து, நாங்களும் முகம் பார்த்து ஒவ்வொருவராகப் பேசப் பழகிய பிறகு, அதே மனிதர் அரசியல் விவாதத்தில் யாரையும் பேச விடவில்லை.

மருத்துவமனையில் இன்னொரு விதம். நோயாளி அவர், ஆனால் மருத்துவர் "சாப்பிடுறாரா? தூங்குறாரா?" என்று கேட்டது என்னிடம். இந்த மாதிரி வயதை வைத்து ஆளைக் குறைத்து மதிப்பிடுவதைத்தான் மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-ல் இனப் பாகுபாட்டோடு ஒப்பிட்டு வயதுப் பாகுபாடு என்றார். உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு இந்த மனப்பான்மை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்கிறது. முதியவர்களே இதை நம்பத் தொடங்கிவிடுவது இன்னும் கொடுமை. தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததாக பெக்கா லெவி குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது.

விரும்பி ஒதுங்குவதும் உண்டு, மறுக்கவில்லை. மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனதுக்கு நெருக்கமான சிலரோடு மட்டும் இருக்க விரும்புவார்கள் என்று உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் விளக்குகிறார். ஆனால் அப்படித் தேர்ந்தெடுத்தவர் அந்தச் சிலரோடு சந்தோஷமாகப் பேசுவார். யாரோடும் பேசாமல், பிடித்த வேலையையும் விட்டு, சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டவரை "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு முதுமையின் இயல்பு அல்ல, அதற்குச் சிகிச்சை இருக்கிறது. காது, கண், மூட்டுவலி, அடிக்கடி சிறுநீர் வருமே என்ற கூச்சம், செலவுக்குப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய சங்கடம், இதையெல்லாம் ஒவ்வொன்றாக அவரிடமே, தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.