பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும்

புரதங்களில் பாஸ்பேட் ஏறி இறங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பிளஸ் டூ மாணவர்: மேடம், அவ்வளவு பெரிய புரதத்தில் ஒரு துளி பாஸ்பேட் ஒட்டினால் என்ன ஆகிவிடும்?

அளவை விடுங்கள், மின்சுமையைப் பாருங்கள். புரதத்தின் அமினோ அமிலங்களில் செரீன், த்ரியோனின், டைரோசின் மூன்றிலும் ஒரு ஹைட்ராக்சில் (OH) நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மின்சுமை இல்லை. பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் கடைசி பாஸ்பேட்டை எடுத்து அங்கே வைத்ததும், அந்த இடத்தில் ஏறக்குறைய இரண்டு எதிர்மின்சுமை வந்து உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்தில் நேர்மின்சுமையோடு இருக்கும் ஆர்ஜினின் அதை நோக்கி இழுபடும், மடிப்பு மாறும். சில சமயம் வடிவம் பெரிதாக மாறாது. இன்னொரு புரதம் வந்து பிடிக்க அந்த பாஸ்பேட்டே கைப்பிடி ஆகிவிடும். ஒட்டியது தானாக உதிராது. பாஸ்பேட்டை இறக்கும் நொதியான பாஸ்படேஸ் வந்து, தண்ணீர் மூலக்கூறைக் கொண்டு வெட்டினால்தான் போகும்.

கல்லூரி ஆசிரியர்: இதைக் கண்டுபிடித்த கதையை வகுப்பில் சுவையாகச் சொல்ல வேண்டும்.

வடிதாளில் ஆரம்பியுங்கள். கிளைக்கோஜனை (உடல் சேமித்துவைக்கும் சர்க்கரை) உடைக்கும் பாஸ்பாரிலேஸ் நொதிக்கு இரண்டு வடிவங்கள்: விழித்திருக்கும் 'ஏ', தூங்கும் 'பி'. செயின்ட் லூயிஸில் கோரி தம்பதியர் தசைச் சாற்றைத் தாளில் வடிகட்டி 'ஏ' வடிவத்தை எடுத்தார்கள். 1950களின் நடுவில் சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பார்த்தால் கிடைத்தது 'பி' மட்டும். மறுபடி தாளில் வடிகட்டினால் 'ஏ' வந்தது! தாளில் ஒட்டியிருந்த கால்சியம்தான் சாற்றில் இருந்த கைனேஸை எழுப்பிவிட்டிருக்கிறது. அந்த கைனேஸ் ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து 'பி'யில் ஏற்றுகிறது என்று பிடித்தார்கள். நோபல் 1992இல்தான் வந்தது.

1979இல் டோனி ஹன்டர் டைரோசினில் பாஸ்பேட் ஏறுவதைக் கண்டதும் இதே ரகம்தான். அமினோ அமிலங்களைப் பிரிக்க அவர் பயன்படுத்திய, புதிதாகக் கலக்காத பழைய கரைசலின் பிஎச் 1.9இலிருந்து 1.7க்கு இறங்கியிருந்தது. அதனால்தான் பாஸ்போடைரோசின் (பாஸ்பேட் ஏறிய டைரோசின்) தனிப் புள்ளியாகப் பிரிந்து தெரிந்தது. (இதைச் சொல்லி என் மாணவர்கள் யாரும் பழைய பஃபரோடு என்னிடம் வர வேண்டாம்.)

எம்எஸ்சி மாணவி: பாஸ்பேட் ஏறினால் ஆன், இறங்கினால் ஆஃப். இப்படி எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள்.

குறைத்தது சரிதான். அட்ரினலின் வந்ததும் உயரும் சைக்ளிக் ஏஎம்பி (செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறு), புரத கைனேஸ் ஏ-வை எழுப்புகிறது. அதன் வழியாக பாஸ்பாரிலேஸில் பாஸ்பேட் ஏறும், அது ஓடத் தொடங்கும். அதே வேளையில் கிளைக்கோஜனைக் கட்டும் சின்தேஸிலும் பாஸ்பேட் ஏறும், அது நிற்கும். ஒரு பக்கம் கட்டிக்கொண்டே மறுபக்கம் இடித்தால் ஏடிபி அத்தனையும் வீண்தானே? இன்சுலின் வந்தால் பாஸ்படேஸ் இரண்டிலிருந்தும் பாஸ்பேட்டை இறக்கிவிடும், நிலைமை தலைகீழ்.

பாடநூல்கள் கைனேஸுக்குப் பத்துப் பக்கமும் பாஸ்படேஸுக்கு அரைப் பக்கமும் தருகின்றன. எனக்கு இது தீராத மனக்குறை. மனிதரில் கைனேஸ்கள் 500க்கு மேல். செரீன், த்ரியோனினில் வேலை செய்யும் பாஸ்படேஸ்களின் எண்ணிக்கை அதோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான். அதனால் 'துடைத்துவிட்டுப் போகிற வேலைக்காரன்' என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் பிபி2ஏ போன்ற பாஸ்படேஸ்கள் வேறு வேறு துணைப் புரதங்களோடு சேர்ந்து, எங்கே போவது, எதை வெட்டுவது என்று ஆள் பார்த்தே வேலை செய்கின்றன.

ஒரு வாசகர்: அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்தது. அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. நோய் எதிர்ப்புக்கான டி செல்லில் கால்சியம் உயர்ந்ததும் கால்சிநியூரின் என்ற பாஸ்படேஸ், என்ஃபேட் என்ற புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும். கழன்ற பிறகே அது உட்கருவுக்குள் போய் நோய் எதிர்ப்பு மரபணுக்களை எழுப்பும். மாத்திரை அந்தப் பாஸ்படேஸைத் தடுக்கிறது; மாற்றிய சிறுநீரகத்தை உடல் தாக்காமல் இருப்பது அதனால்தான். ஆக இங்கே இறக்குவதுதான் 'ஆன்'. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். அளவை மாற்றுவது மருத்துவர் வேலை.

இன்னொருவர்: பாஸ்பரஸ் உள்ள உணவு நிறையச் சாப்பிட்டால், பாஸ்பேட் வழியாகச் செல்லுக்குள் போகும் இந்தச் சமிக்ஞை கூடுமா?

கூடாது.

மருந்தியல் மாணவர்: புற்றுநோய் மருந்து இமாடினிப் இதில் எங்கே வருகிறது?

9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் கைனேஸ் அணையவே அணையாது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயின் வேர் அது. ஏடிபி உட்காரும் குழியில் இமாடினிப் உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் 2001இல் அனுமதி கிடைத்தது. இதன் படிக வடிவத்துக்கான காப்புரிமை விண்ணப்பம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் தாக்கலானது. 2006இல் அங்கே நிராகரித்தார்கள். 2013இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

ஆராய்ச்சி மாணவி: செல்லுக்கு இஜிஎஃப் (வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்தேன். பாஸ்போ-ஈஆர்கே (பாஸ்பேட் ஏறிய ஈஆர்கே கைனேஸ்) பட்டையே தெரியவில்லை, பின்னணி மட்டும் கறுப்பு. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க, பால் பவுடரில்தான் பிளாக் செய்தேன், அக்கா.

முதலில் பாலை மாற்றிப் பாருங்கள். பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் சுமக்கும் புரதம், பாஸ்போ ஆன்டிபாடி அதிலும் போய் ஒட்டலாம். அதற்குப் பதில் பிஎஸ்ஏ (மாட்டு ரத்த அல்புமின்) போடுங்கள். அப்புறம், செல்லை உடைத்த நொடியிலேயே பாஸ்படேஸ்கள் கட்டவிழ்ந்து வேலையைத் தொடங்கிவிடும். எல்லாமே ஐஸில் நடக்கட்டும்; உடைக்கும் கரைசலில் பாஸ்படேஸைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடும் ஆர்த்தோவனடேட்டும் இருக்கட்டும். வனடேட்டை பிஎச் 10இல் வைத்து, நிறம் போகும்வரை கொதிக்கவைத்துத் தயாரித்தீர்களா? உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கலந்தால் வனடேட் வேலை செய்யாது.

இதையெல்லாம் விட, இரண்டு மணி நேரம் என்பது நீளம். ஈஆர்கேயில் பாஸ்பேட் சில நிமிடங்களிலேயே ஏறிவிடும், இரண்டு மணி நேரத்துக்குள் செல்லின் பாஸ்படேஸ்கள் பெரும்பாலும் இறக்கியிருக்கும். 0, 2, 5, 15, 30 நிமிடங்களில் எடுத்து, மொத்த ஈஆர்கேயையும் பக்கத்தில் ஓட்டிப் படம் அனுப்புங்கள், பார்க்கலாம்.