கிரிக்கெட் ஆடியவர் லண்டன் மேயர் ஆனாரா?

"இங்கிலாந்தில் கிரிக்கெட் வீரர் யாராவது மேயராகியிருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், கைனஸ்டன் ஸ்டட். 1928-29இல் லண்டனின் லார்ட் மேயர். இது இன்றைய லண்டன் மேயர் பதவி இல்லை; 'சிட்டி' எனப்படும், ஒரு சதுர மைல் அளவேயுள்ள பழைய நகரத்துக்கு ஆண்டுதோறும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பதவி.

1858இல் பிறந்தவர். அப்பா பீகாரில் தோட்டம் நடத்திப் பணம் சேர்த்தவர். கைனஸ்டன், ஜார்ஜ், சார்லஸ் என மூன்று தம்பி அண்ணன்களும் 1882, 83, 84 என அடுத்தடுத்து கேம்பிரிட்ஜ் அணிக்குக் கேப்டன்கள். மூத்தவர் கைனஸ்டனுக்குக் கடைசியில்தான் முறை வந்தது. தொழிலில் இருந்துவிட்டுத் தாமதமாகக் கல்லூரி சேர்ந்தவர் அவர்.

1882இல் ஆஸ்திரேலியர்களை கேம்பிரிட்ஜ் தோற்கடித்த ஆட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் இன்னிங்ஸில் சார்லஸ் சதம். அப்புறம் வெற்றிக்கு ஓட்டம் தேவைப்பட்டபோது, கைனஸ்டனும் ஜார்ஜும் தொடக்க ஜோடியாக இறங்கி 106 எடுத்தார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

சார்லஸ் டெஸ்ட் வீரராகி, பிறகு மிஷனரியாகச் சீனா போனார். 1900 முதல் சில ஆண்டுகள் நம் ஊட்டியில் போதகராகவும் இருந்தார். கைனஸ்டன் டெஸ்ட் ஆடவில்லை. ஆனால் உழைக்கும் இளைஞர்கள் படிக்க வழி செய்த ரீஜென்ட் தெரு பாலிடெக்னிக்குக்கு 1903 முதல் 1944இல் இறக்கும்வரை தலைவராக இருந்தார். மேயர் பதவியைவிட அவருடைய பெரிய வேலை அதுதான் என்பேன். 1930இல், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் கிளப்பான எம்.சி.சி.யின் தலைவர் பொறுப்பும் வந்தது.